பரசுராமன் அண்ணன் போட்ட பதில் அட்டை

காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும், அங்கிருந்து கடலைத் தாண்டி ஜப்பான் வரைக்கும், ஜப்பானில் ஏணி போட்டு நிலா வரைக்கும் தேடினாலும் பரசுராமன் அண்ணன் மாதிரி பதில் அட்டை போடுகிற ஆள் கிடைக்கமாட்டான். சுப்ரீம் கோர்ட்டில் ஒன்பது ஜட்ஜுகள் ஒரு வருஷம் முழுக்கத் தலையைச் சொறிந்து சொல்கிற தீர்ப்பை, அண்ணன் புளிசாதத்தை மென்றுகொண்டே சொல்லிவிடுவார். அந்த விளையாட்டு அட்டைகளை அச்சடித்த அமெரிக்காக்காரனுக்கே ஆட்டம் முழுசாகத் தெரியாது. தெரிந்த ஒரே மனிதர் திருவொற்றியூரில் ஒரு பழைய பேப்பர் குடோனில் சாக்குமேல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்துகூடத் தெரியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாராவது கேட்டால் மானம் போகும்.

இங்கிலீஷ் தெரிந்தவன் நான். பெயர் தீனா. பத்தாவதை இரண்டு தடவை எழுதினேன், இரண்டு தடவையும் அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு வார்த்தையாக, தண்ணி லாரி மேடு ஏறுகிற வேகத்தில் படிப்பேன். குடோனில் வேறு யாருக்கும் அதுவும் வராது என்பதால் நான்தான் அங்கே புரொபசர்.

கன்டெய்னரில் வெளிநாட்டுக் குப்பைக் காகிதம் கட்டுக் கட்டாக வரும். ஆபீஸ் பேப்பர், பழைய பத்திரிகை, எண்ணெய்க் கறை படிந்த தின்பண்ட டப்பா. அதைப் பிரித்து வெள்ளை, கலர், அட்டை என்று தனித்தனியாகக் குவிப்பது எங்கள் வேலை. சுனாமிக்கு முந்தின வருஷம் ஒரு கட்டைப் பிரித்தபோது உள்ளேயிருந்து கொட்டின அந்த அட்டைகள். நானூறு இருக்கும். கோணலாக வெட்டுப்பட்டதால் கழித்துக் கட்டிய விளையாட்டு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஜந்துவின் படம், கீழே பொடி எழுத்தில் இங்கிலீஷ். கூடவே ரூல் புத்தகம் ஒன்று. பன்னிரண்டாம் பக்கத்துக்கு மேல் கிழிந்துபோயிருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் மூன்று பேர் ஆடுவோம். நான், பரசுராமன் அண்ணன், பூமாரி அக்கா. அக்கா வாய் திறந்தால் குடோன் தகரம் அதிரும்.

ஆட்டம் இதுதான். ஆளுக்குச் சில ஜந்துக்களைத் தரையில் இறக்கி வைக்கணும். எதிராளியின் ஜந்துவைக் கொல்ல அடி அட்டை உண்டு. அடி அட்டையைப் போடும்போதே, எந்த ஜந்துவின்மேல் என்று விரலை வைத்துக் காட்டவேண்டும். அதற்குக் குறி என்று பெயர் வைத்தோம். ஆனால் அடி உடனே விழாது. நடுவில் எதிராளிக்கு ஒரு சந்து உண்டு. அந்தச் சந்தில் அவன் பதில் அட்டை போடலாம். அந்தப் பதிலுக்கு இவன் ஒரு பதில், அதற்கு அவன் ஒன்று என்று அட்டைமேல் அட்டையாக ஏறும். எல்லோரும் போதும் என்றதும் மேலேயிருந்து பிரிக்கணும். கடைசியாகப் போட்டதுதான் முதலில் நடக்கும்.

ஒன்பதாம் பக்கத்தில் இருந்த இந்தச் சங்கதியைப் படித்துப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அண்ணனுக்கு ஒரு நொடி.

"இதுக்கு இன்னாத்துக்குடா புக்கு? லாரில கடைசியா ஏத்துனதுதான மொதல்ல எறங்கும்?"

அவர் எங்கள் குடோனுக்கு வருவதற்கு முன் மணலி ரோட்டுப் பக்கம் ஒரு சரக்கு யார்டில் சிக்னல் மேன். கிரேன் ஓட்டுகிறவன் மேலே கூண்டுக்குள் இருப்பான். கீழே என்ன நடக்கிறது என்பது அவனுக்குச் சரியாகத் தெரியாது. கீழே நிற்கிற சிக்னல் மேனின் கையைப் பார்த்துத்தான் தூக்குவான், இறக்குவான். பதினைந்து வருஷம் அந்தக் கை சொன்னதைக் கிரேன் கேட்டது. அப்புறம் திடீரென்று விட்டுவிட்டு எங்களோடு வந்து காகிதம் பொறுக்கினார். ஏன் என்று நான் கேட்டதில்லை. எனக்கு அந்த வயதில் அடுத்தவனைப் பற்றிக் கேட்பதைவிட அடுத்தவன் செருப்பை ஒளிப்பதில் அக்கறை அதிகம்.

ஒருநாள் பூமாரி அக்கா ஆறு ஆட்டம் காத்திருந்து வைத்திருந்த நெருப்பு அட்டையை ஓங்கிப் போட்டாள். அண்ணனின் எருமைத்தலை ஜந்துமேல் விரலை ஊன்றினாள்.

"எரும மேல நெருப்பு! செத்துச்சு, எட்த்து ஓரமா வை."

"குந்தும்மே. நான் இன்னும் வாயே தொறக்கல." அண்ணன் ஒரு பதில் அட்டையைப் போட்டார். "இந்தா, என் எருமைய நானே கைக்குத் திருப்பிக் கூப்ட்டுகினேன். இப்ப உன் நெருப்பு எங்க உழும்?"

"அப்ப பக்கத்துல கீற கொக்கு மேல உழட்டும்."

"அதெப்டி? குறி வெச்சது எருமைக்கு. எரும எடத்த காலி பண்ணிட்ச்சு. நெருப்பு காத்தோட போச்சு."

"இன்னா நாயம்டா இது கஸ்மாலம்! டேய் புரொபசரு, புக்குல பாரு."

நான் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். பதினொன்றாம் பக்கத்தில் அப்படியேதான் போட்டிருந்தது. குறியைப் பாதியில் மாற்றக்கூடாது. அடி விழும் நேரத்தில் குறி அங்கே இல்லையென்றால் அடி வீண்.

"குறி நகந்துட்ச்சின்னா லோடு எறங்கக் கூடாதும்மே," என்றார் அண்ணன். "மறுபடி மேலதான் தூக்கணும்." அடுத்து யார் ஆட்டம் என்று அக்கா இரண்டு தடவை கேட்டபிறகுதான் அட்டையிலிருந்து நிமிர்ந்தார்.

அவரிடம் மூன்று கிறுக்குத்தனங்கள் இருந்தன. அட்டைகளை எல்லோரையும் போலக் கையில் விசிறியாகப் பிடிக்கமாட்டார். தரையில் கவிழ்த்து வைத்து வலது கையால் ஒவ்வொன்றாக எடுப்பார். இடது கை எப்போதும் காலியாக, முழங்கால்மேல் மல்லாந்து கிடக்கும். இரண்டாவது, டீ குடிக்கமாட்டார். எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைகூடப் பாலுக்கு முன்னால் டீ கேட்கும், இவர் தொடமாட்டார். மூன்றாவது, சட்டைப் பையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே மடித்த காகிதங்கள். யாருக்கும் காட்டமாட்டார்.

இவ்வளவு கிறுக்குத்தனம் உள்ள மனிதரைச் சும்மா விட என்னால் முடியுமா? ஒரு மத்தியானம் பின்பக்கமாகப் போய், கொதிக்கிற டீ கிளாஸை அவருடைய இடது கையில் திணித்தேன்.

அவர் அதைப் பிடிக்கவே இல்லை. கிளாஸ் சிமெண்ட் தரையில் விழுந்து சில்லு சில்லாகப் போயிற்று. அதற்குள் அவர் எழுந்து நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நேராக விரித்திருந்தார், எதிரே வருகிற ரயிலை நெஞ்சால் நிறுத்தப் போகிறவர் மாதிரி. கண் எங்கேயோ மேலே இருந்தது. குடோனே சிரித்தது. நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். அதற்கப்புறம் ஒரு வாரம், அவர் என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

அவர் ஒரே ஒரு தடவைதான் ஏதோ சொன்னார். "நல்லா பண்றடா. முட்டி மட்டும் மடங்கக் கூடாது."

அடுத்த வாரம் நானும் அவரும் மட்டும் ஆடினோம். என்னிடம் வலை அட்டை இருந்தது. எதிராளியின் ஜந்துவை நம் பக்கம் இழுத்துக்கொள்ளும் அட்டை. அவருடைய எருமையின்மேல் குறி வைத்தேன். அவர் தரையில் கவிழ்ந்து கிடந்த அட்டைகளில் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் நான் எருமையை உருவி என் பக்கம் வைத்துவிட்டேன்.

"இருடா, நான் பதில் போடறேன்ல."

"டைம் முடிஞ்சிப் போச்சுணா."

"இப்பதானடா குறி வெச்ச?"

"புக்குல போட்டுகீதுணா," என்று பன்னிரண்டாம் பக்கத்தின் கிழிந்த ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டு கடகடவென்று படித்தேன். "குறி வெச்ச நேரத்துலேர்ந்து அடி உழற வரிக்கும் பதில் போட எல்லாருக்கும் எப்பவும் டைம் உண்டு. அப்ப போடாம கம்முனு இருந்தா, அவன் ஒத்துக்கினான்னு அர்த்தம்."

அங்கே அப்படி ஒன்றும் இல்லை. அங்கே கிழிசல்தான் இருந்தது.

சண்டை போடுவார் என்று பார்த்தேன்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"எப்பவும் டைம் கீதா?"

"எப்பவும்ணா."

கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். சாப்பாட்டு மணி முடிந்தும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். குடோன் சுவரோரம் குந்திக்கொண்டு, கட்டுக் கட்டும் கம்பித்துண்டு ஒன்றை வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அவர் ஆட வரவில்லை. நாலாம் நாள் குழாயடியில் கை கழுவும்போது என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தீனா, அந்த ரூலு. மெய்யாலுமே அப்டித்தான் போட்டுகீதா?"

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எருமையை ஜெயித்த கொழுப்பு இன்னும் இறங்கவில்லை.

"மெய்யாலுமேணா. இங்கிலீஷ்ல பொய் எழுதுவானா?"

அன்று சாயங்காலம் பூமாரி அக்கா என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.

"டேய் பேமானி, இன்னாடா சொன்ன அவன்கிட்ட? நாலு நாளா சோறு எறங்காம கீறான்."

சொன்னேன். அக்கா திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் காலரை விட்டுவிட்டு ஒரு கட்டின்மேல் உட்கார்ந்தாள்.

"என் வூட்டுக்காரு அந்த யார்டுலதான் இருந்தாரு. செல்வநாதன்னு ஒருத்தன். கொக்கி மாட்றவன். பரசுவும் அவனும் ஒரே டிபன் பாக்ஸுல துன்றவனுங்க. மூணு வருசம் முன்னாடி டிரெய்லர்ல கிரேன் வெச்சு மரக்கட்ட ஏத்திகினு இருந்தானுங்க. செல்வா டிரெய்லர் மேல நிக்கிறான். கட்ட எறங்குது. அவன் திடீர்னு எடம் மாறி அந்தப் பக்கம் போய்ட்டான். கட்ட அவன் மேலயே எறங்கிட்ச்சு."

"அண்ணன் எங்க இருந்தாரு?"

"கீழ. சிக்னல் அவன்தான? பாத்துகினு இருந்தவன் அவன் ஒருத்தன்தான். செத்தவன் சொந்தக் கவனக்கொறவுன்னு யார்டுல எழுதுனாங்க. சாட்சின்னு பரசு கையெழுத்து போட்டுட்டான். அதுலேர்ந்து செல்வா பொண்டாட்டி ரமாபாய்கிட்ட, 'உன் புருசன் குடிச்சிட்டு ஏறியிருப்பான்'னு சனம் மூஞ்சிக்கு நேரா பேசுது. அவன் குடிச்சதே இல்லடா. எம்.கே.பி. நகர்லதான் கீது அந்தப் பொம்பள. போய் உண்மைய சொல்லணும்னு பரசு கெளம்புவான். வியாசர்பாடி பாலம் வரிக்கும் போவான். திரும்பி வந்துடுவான்."

"இன்னா உண்ம?"

"அத்த யார்கிட்டயும் சொல்ல மாட்றானே." எழுந்தாள். போகும்போது திரும்பினாள். "ஒரு வாரம் கைய விரிச்சுகினு நின்னியே, அது இன்னான்னு தெரியுமாடா? கிரேனுக்கு ஸ்டாப். ரெண்டு கையும் விரிச்சா, யாரு விரிச்சாலும், கிரேன்காரன் நிறுத்தியே ஆவணும்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வந்தது. பொய் சொல்லமாட்டேன், நன்றாகவே வந்தது. காலையில் எழுந்தபோதுதான், ஒரு வாரம் கையை விரித்துக்கொண்டு நின்றது ஞாபகத்துக்கு வந்தது.

போய் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. 'அண்ணே, அது பீலா' என்றால் முடிந்தது. ஆனால் பொய் சொல்லிப் பழகினவனுக்கு ஒரு பொய்யைச் சரிபண்ண இன்னொரு பொய்தான் தோன்றும். விம்கோ நகர் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் டைப்பிங் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். தமிழில் சொன்னேன், கடைக்கார அக்கா இங்கிலீஷில் அடித்தாள். சில அடிகளுக்குப் பதில் கிடையாது. அவை குறி வைத்த கணத்திலேயே விழுந்துவிடும். அப்போது பதில் போடாதவர்மேல் எந்தத் தப்பும் இல்லை.

அந்த அக்கா அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "இது சீட்டாட்டத்துக்கா தம்பி, பாவமன்னிப்புக்கா?"

பிரிண்ட் புதுசாகப் பளிச்சென்று இருந்ததால் அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்தேன். ஜெராக்ஸை நனைத்தேன், வீட்டுத் தகரக் கூரையில் காயப்போட்டேன், செருப்புக் காலால் நாலு மிதி மிதித்தேன். வரிகளை மனப்பாடம் பண்ணிக்கொண்டேன். மறுநாள் புதிதாகப் பிரித்த கட்டில் கையை விட்டு, "அண்ணே! கிழிஞ்சிப் போன பக்கத்தோட காப்பி! எவனோ அமெரிக்காக்காரன் ஆபீஸ்ல ஜெராக்ஸ் எட்த்து வெச்சிருக்கான்ணா!" என்று கத்தினேன். பூமாரி அக்காவே நம்பினாள்.

"படி," என்றார் அண்ணன்.

படித்தேன். அர்த்தமும் சொன்னேன்.

"இன்னொரு தபா படி."

படித்தேன்.

"இன்னும் ஒரு தபா."

மூன்றாவது தடவை படிக்கும்போது கவனித்தேன், அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அதை வாங்கி நாலாக மடித்து, பிளாஸ்டிக் கவருக்குள் வைத்தார். என் முதுகை ஒரு தட்டு தட்டினார். அன்று முழுக்க நான் காற்றில் நடந்தேன். பதினேழு வயதில் ஒரு மனிதனின் மூன்று வருஷத்துப் பாரத்தைச் சில்லறைச் செலவில் இறக்கிவிட்டேன் என்று நினைத்தால் யார்தான் நடக்கமாட்டார்கள்?

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாள் வந்தார். மத்தியானம் சாப்பாடு எடுக்காமல், அட்டைகள் வைத்திருந்த டப்பாவைத் திறக்காமல், என் எதிரே உட்கார்ந்தார்.

"போய்ட்டு வந்தேன்."

"எங்கணா?"

"எம்.கே.பி. நகரு. ரமாபாய் வூட்டுக்கு."

டிபன் பாக்ஸை ஓரமாகத் தள்ளினேன்.

"இன்னா சொன்னீங்க?"

"பாத்தத சொன்னேன். முன்ன எறக்குன கட்டயில ஒரு கொக்கி சிக்கிகினு இருந்துச்சு. அத்த எடுத்துவுடத்தான் செல்வா அந்தப் பக்கம் தாண்டுனான். அவன் வேலையத்தான் பாத்தான். தப்பு ஒண்ணும் பண்ல. அவன் தாண்டுனத நான் பாத்துட்டேன். ரெண்டு கையும் விரிக்கணும். என் லெஃப்ட் கையில டீ கிளாஸ் இருந்துச்சு."

முழங்கால்மேல் மல்லாந்து கிடந்த கையைப் பார்த்தார்.

"கீழ வுட்டா ஒடஞ்சிடும்னு குனிஞ்சு வெச்சேன், தீனா. ஒடையாம வெச்சேன். வெச்சிட்டு நிமுந்து கைய விரிச்சேன். அதுக்குள்ள எறங்கிட்ச்சு."

குடோனில் அந்தப் பக்கம் யாரோ காகிதக் கட்டு ஒன்றை உருட்டினார்கள்.

"கிளாஸ் நல்லாவே இருந்துச்சு. டீக்கட பையன் சாயங்காலம் வந்து கழுவி எட்த்துகினு போனான்."

"அவங்க இன்னா சொன்னாங்கணா?"

"செல்வா போட்டோவ பாத்துகினே இருந்துச்சு. அப்பால கேட்டுச்சு, 'ஒரு கிளாஸுதானேண்ணா. போட்டு ஒட்ச்சிருக்கலாமே'ன்னு." மூக்கைத் துடைத்தார். "எழுதிக் குடுங்கன்னு கேட்டுச்சு. அவன் மேல தப்பில்ல, நான்தான் லேட்டுன்னு என் கையால தமிழ்ல எழுதிக் குடுத்தேன். வாங்கிகினு கதவ சாத்திட்ச்சு. முன்னெல்லாம் நான் போனா சாப்டாம அனுப்பாது."

என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏண்ணா நீங்களே லேட்டுன்னு எழுதிக் குடுத்தீங்க? அதான் ரூல்ல போட்டுகீதே! பதில் இல்லாத அடியும் கீதுன்னு. தப்பு இல்லன்னு!"

அவர் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்தார். நான் பார்க்க முதல் தடவையாக உள்ளிருந்த காகிதங்களைப் பிரித்தார். உள்ளே ஒரே காகிதத்தின் ஜெராக்ஸ், ஏழு.

"இது நான் சாட்சி கையெழுத்து போட்டது. ஒவ்வொரு தபாவும் ரமாபாய் வூட்டுக்குப் போலாம்னு கெளம்புறப்ப, எட்த்துகினு போய்க் காட்டலாம்னு ஒரு ஜெராக்ஸ் எடுப்பேன். அப்பால பாலத்தாண்ட போய்த் திரும்பிடுவேன். விம்கோ நகர் ஸ்டேஷன் எதிர்க்க கீதே, அந்தக் கட." கடைசி ஜெராக்ஸைத் தரையில் விரித்தார். "ஓரத்துல கருப்பா ஒரு கோடு ஓடுது பாரு. நடுவுல ஒரு எடத்துல அந்துபோய், மறுபடி ஓடும். அந்தக் கட மிஷினுல கீறல். மூணு வருசமா மாத்தவே இல்ல."

பக்கத்தில் நான் மிதித்துக் காயவைத்த காகிதத்தை விரித்தார். அதே ஓரம். அதே கோடு. அதே இடத்தில் அறுந்து, அதே இடத்தில் மறுபடி ஓடியது.

"அமெரிக்காவுலயும் அதே மிஷினுதானா நைனா?"

நான் அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்துப் பார்த்தேன்.

"கோட்ட பாத்துதான் கண்டுபுட்ச்சீங்களா?"

"இல்ல. கோட்ட நேத்து பஸ்ஸுல வர்றப்பதான் பாத்தேன். நீ படிக்கிறப்பவே தெரியும், பீலான்னு."

"அப்ப ஏண்ணா மூணு தபா படிக்க சொன்னீங்க?"

"நீ இங்கிலீஷ எழுத்துக் கூட்டி, தெணறித் தெணறித்தான் படிப்ப. இத்த மூணு தபாவும் கடகடன்னு படிச்ச." அவர் காகிதங்களை மடித்துக் கவருக்குள் வைத்தார். என் காகிதத்தையும் சேர்த்துத்தான் வைத்தார். "என் எருமைய உருவிகினு போனியே, அன்னிக்கி. 'எல்லாருக்கும் எப்பவும் டைம் உண்டு'ன்னு. அதையும் கடகடன்னுதான்டா படிச்ச."